புகையிலையின் நஞ்சும் மூளையின் நினைவும்

நஞ்சு இது, மருந்து இது என்று பொருள்களை வகுத்து வைப்பது மனிதர் வழக்கம். இயற்கையோ அவ்வகுப்புக்குக் கட்டுப்படுவதில்லை. பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் விடத்தை ஆராய்ந்த வழியிலேதான் குருதியமுக்கத்தைத் தணிக்கும் சிறந்த மருந்தொன்று பிறந்தது. அபினிலிருந்து எடுக்கப்பட்ட மோபின் இன்றும் புற்றுநோயாளரின் வேதனையை ஆற்றுகின்றது. ஆயினும், ஒரு நஞ்சிலே மருந்துக்குணம் சிறிது காணப்பட்டவுடன், அதனைச் சுமந்துவரும் பொருள் முழுவதுமே மருந்தாகிவிட்டது என்று கொள்ளும் மயக்கமும் மக்களிடையே பழமையானதாகும். புகையிலையின் வரலாற்றில் இம்மயக்கம் மீண்டும் மீண்டும் தலைகாட்டக் காண்கின்றோம்.

1560ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரிலே பிரெஞ்சுத் தூதராயிருந்த ஜான் நிக்கோ என்பவர், அமெரிக்காவிலிருந்து வந்த இப்புதிய இலையைத் தலைவலிக்கு நல்ல மருந்தென்று பாரிசிலிருந்த அரசமாதா கதரீன் டி மெடிச்சிக்கு அனுப்பிவைத்தார். அரண்மனை ஏற்றதை நாடும் ஏற்றது. மூக்குப்பொடி மூளையைத் தெளிவிக்கும் என்ற நம்பிக்கை ஐரோப்பா எங்கும் பரவியது. நிக்கோவின் பெயரே செடிக்கும், பின்னர் அதன் நஞ்சுக்கும் நிலைத்துவிட்டது.

நான்கு நூற்றாண்டுகள் கழிந்தபின் அதே பேச்சு புதிய ஆடை அணிந்து வந்திருக்கின்றது. நிக்கொற்றின் நினைவைக் கூர்மையாக்கும், மூளையின் அழற்சியைத் தணிக்கும், முதுமையின் மறதியைத் தள்ளிப்போடும் என்ற செய்திகள் விஞ்ஞானத்தின் பெயராலேயே உலவுகின்றன. ஆய்வுகூடங்களிலே சான்றுகள் சில இருப்பதனால், இவற்றை வெறும் பொய்யென்று தள்ளிவிடவும் இயலாது. குருதியோட்டம் குன்றிய ஒரு மூளையிலே நிக்கொற்றின் செய்வது என்ன? அழற்சியைத் தணிக்கின்றதா, வளர்க்கின்றதா? அறியும் ஆற்றலைக் காக்கின்றதா, கெடுக்கின்றதா? இவ்வினாக்களை ஒழுங்காக ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடைமடைக்குச் செல்லாத நீர்

மனித மூளை உடலின் நிறையிலே நூற்றுக்கு 2 பங்கேயாகும். ஆனால், உடல் ஓய்ந்திருக்கும் வேளையிலே பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மூளைக்கே செல்கின்றது. தசையும் ஈரலும் உணவைச் சேமித்து வைத்து உண்ணும் செல்வக் குடும்பங்களை ஒத்தவை. மூளையோ அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் ஏழைக் குடும்பத்தைப் போன்றது. ஒரு வேளை கூலி தவறினாலும் அடுப்பு எரியாது.

நலமுள்ள மூளையிலே 100 கிராம் இழையத்துக்கு நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் குருதி பாய்கின்றது. இவ்வளவு 20 மில்லிலீற்றரளவுக்குக் குறையும்போது நரம்புக் கலங்கள் தம்முள் பேசிக்கொள்ளும் மின்பேச்சை நிறுத்திவிடுகின்றன. 10 மில்லிலீற்றரளவுக்கு இறங்கிச் சிறிது நேரம் நிலைத்தால் அவை இறந்தே போகின்றன. இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலே, பேச்சிழந்தும் உயிரிழவாத நிலையொன்று உண்டு. கிரகண காலத்து அரைநிழலை உவமையாகக் கொண்டு 1981ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் இதற்கு 'அரைநிழற் பகுதி' என்ற கருத்தில் ஒரு பெயரை வழங்கினர். மூளையைக் காக்க முயலும் மருத்துவம் முழுவதும் இவ்வரைநிழலிலே கிடக்கும் கலங்களை மீட்கும் முயற்சியே எனலாம்.

குருதி குன்றுவது இரு வகைப்படும். நாடியொன்று சடுதியாக அடைபடுவது முதல் வகை. நாம் பாரிசவாதம் என்று அஞ்சுவது அதுவே. மற்றது ஓசையின்றி வருவது. நீண்டகாலக் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல் ஆகியவற்றால் மூளையின் நுண்ணிய நாடிகள் சுவர் தடித்து, துளை சுருங்கி, ஆண்டுக்கணக்கில் வரத்துக் குறைந்துகொண்டே போகின்றது. மூளையின் ஆழத்திலே அமைந்த வெண்பொருள் நீண்டு மெலிந்த நாடிகளின் கடைசி முனைகளை நம்பியிருக்கின்றது. குளத்து நீர் குறையும் ஆண்டிலே முதலில் வாடுவது கடைமடை வயலன்றோ? அவ்வாறே முதலில் வாடுவது இவ்வெண்பொருளே.

ஜேனா நகரிலே பணியாற்றிய பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவர் 1894ஆம் ஆண்டிலேயே இத்தகைய வெண்பொருட் சிதைவை விவரித்தார். 1974ஆம் ஆண்டில் ஹச்சின்ஸ்கியும் உடன்பணியாற்றியோரும், முதியோரின் அறிவுத் தளர்ச்சிக்குச் சிறு சிறு அடைப்புகள் பல சேர்ந்து காரணமாகலாம் என்று காட்டினர். இந்நோயில் மறதி முதலிலே முனைந்து தோன்றாமலிருப்பதும் உண்டு. சிந்தனையின் வேகம் குறைகின்றது. இரண்டு அலுவல்களை ஒருங்கே கவனித்து ஒழுங்கு செய்தல் கடினமாகின்றது. கணக்கிலே வல்லவராயிருந்தவர் கடைக்காரன் கொடுத்த மீதிச் சில்லறையை எண்ண நெடுநேரம் எடுக்கின்றார். நடை தளர்ந்து அடி குறுகுகின்றது. "வயது போய்விட்டது" என்று வீட்டார் அமைதி கொள்கின்றனர். உள்ளேயோ கடைமடை காய்ந்துகொண்டிருக்கின்றது.

காவலரே கலகக்காரராதல்

வரத்துக் குறைவு மாத்திரமே சிதைவுக்குக் காரணமென்று கொள்வதற்கில்லை. அக்குறைவுக்கு மூளை காட்டும் எதிர்ச்செயலும் சேதத்தை வளர்க்கின்றது. 1919ஆம் ஆண்டில் ஸ்பானிய அறிஞர் ரியோ-ஹோர்த்தேகா, மூளையிலே நரம்புக் கலங்களுக்கிடையே பரந்திருக்கும் சிறிய கலங்கள் சிலவற்றை இனங்கண்டு, அவற்றுக்கு மைக்குரோகிளியா என்று பெயரிட்டார். இவை மூளையின் காவற்காரர். அமைதிக் காலத்தில் மெல்லிய கைகளை நீட்டி அயலைத் துழாவிக்கொண்டிருக்கும். கேடு கண்டால் உருமாறித் திரண்டு, இறந்த கலங்களை விழுங்கி, அழற்சியைத் தூண்டும் தூதுப்பொருள்களை வெளிவிடும்.

காயம்பட்ட விரல் சிவந்து வீங்குவதும் அழற்சியே. அது சில நாளிலே தணிந்து காயம் ஆறும். குருதி நாள்தோறும் குன்றியே இருக்கும் மூளையிலோ அபாயமணி ஓயாது ஒலிக்கின்றது, காவலரும் ஓய்வதில்லை. அவர்கள் கக்கும் பொருள்கள், நரம்பிழைகளுக்கு உறையிடும் கலங்களையும் தாக்குகின்றன. உறை கழன்ற நரம்பிழையிலே செய்தி தாமதமாகச் செல்கின்றது. குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பரண் கசிகின்றது. கசிவு மேலும் அழற்சியை அழைக்கின்றது. இவ்வட்டத்தை எவ்விடத்திலாயினும் அறுக்க இயலுமா என்பதே ஆராய்ச்சியாளர் எழுப்பிய வினா. அவ்வினாவுக்கு விடை தேடிய பாதையிலேதான் நிக்கொற்றின் எதிர்ப்பட்டது.

பூட்டும் கள்ளத் திறப்பும்

புகையிலைச் செடி நிக்கொற்றினை மனிதருக்காகச் செய்வதில்லை. தன் இலையை உண்ண வரும் பூச்சிகளின் நரம்பைக் குலைப்பதற்காக வேரிலே ஆக்கி இலைக்கு அனுப்புகின்றது. ஈரமான இலையைக் கையாளும் தோட்டத் தொழிலாளருக்குத் தோல் வழியாக அது ஊறித் தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாவதனை மருத்துவ நூல்கள் ஒரு தனி நோயாகவே கூறும். 1828ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் பொசெல்ற், ரைமான் என்னும் இருவர் இந்நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தனர்.

பூச்சியின் நஞ்சு மனித நரம்பிலும் வேலை செய்வானேன்? 1905ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலே லாங்லி என்பவர் கோழியின் தசையிலே நிக்கொற்றினை இட்டு ஆராய்ந்து, கலத்தின்மீது அதனை ஏற்கும் பொருளொன்று இருத்தல் வேண்டும் என்று துணிந்தார். இன்று 'வாங்கி' என்று நாம் பாடநூல்களிலே படிக்கும் கருத்து அங்கே முளைவிட்டது. 1921ஆம் ஆண்டில் ஓட்டோ லேவி, ஒரு தவளையின் இதயத்தை மெதுவாக்கிய நரம்பிலிருந்து கசிந்த திரவத்தை மற்றொரு தவளையின் இதயத்திலே இட, அதுவும் மெதுவாகத் துடிக்கக் கண்டார். அத்திரவத்திலிருந்த தூதுப்பொருள் அசற்றைல்கோலின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அப்பொருளின் செயல்களை முன்னரே ஆராய்ந்திருந்த ஹென்றி டேலும் லேவியும் 1936ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அசற்றைல்கோலின் உடல் தானே செய்துகொள்ளும் திறப்பு. அதற்குரிய பூட்டுகளில் ஒரு வகையை நிக்கொற்றினும் திறந்துவிடுகின்றது. கள்ளத் திறப்பு நல்ல திறப்பைப் போலவே பூட்டிலே பொருந்துவதுதான் இக்கதையின் மூலம். ஆனால், அசற்றைல்கோலின் கணநேரத்திலே சிதைந்து பூட்டை விட்டு அகலும். நிக்கொற்றினோ மணிக்கணக்கில் குருதியிலே தங்குவது. நெடுநேரம் கள்ளத் திறப்பு கிடந்த பூட்டு இறுகி, நல்ல திறப்புக்கும் திறவாது போகின்றது. மூளை அதனை ஈடுசெய்யப் பூட்டுகளின் தொகையைக் கூட்டுகின்றது. பழக்கம் அடிமைத்தனமாவதன் வேர்களில் ஒன்று இது.

அழற்சியை அடக்கும் நரம்பு

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர மருத்துவர்கள் 1982ஆம் ஆண்டில் விந்தையான செய்தியொன்றை வெளியிட்டனர். பெருங்குடலிலே புண்ணும் அழற்சியும் உண்டாகும் ஒருவகை நோய், புகைப்போரிடையே குறைவாகக் காணப்பட்டது. 1994ஆம் ஆண்டில் அந்நோயாளர் 72 பேரைக்கொண்டு, தோலில் ஒட்டும் நிக்கொற்றின் பட்டியைப் பரிசோதித்தனர். பட்டி பெற்ற 35 பேரில் 17 பேருக்கும், வெறும் பட்டி பெற்ற 37 பேரில் 9 பேருக்கும் நோய் முற்றாகத் தணிந்தது. அதே குடலைத் தாக்கும் குரோன் நோயையோ புகைத்தல் மோசமாக்குகின்றது. ஓரிடத்திலே நீர் வார்க்கும் கை, அடுத்த அறையிலே எண்ணெய் வார்ப்பது எங்ஙனம் என்று அறிஞர் திகைத்தனர்.

விளக்கம் நியூயோர்க்கிலிருந்து வந்தது. கெவின் ட்ரேசியும் அவர்தம் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, மூளையிலிருந்து இதயம், ஈரல், குடல் முதலிய உறுப்புகளுக்கு இறங்கும் வேகசு நரம்பைத் தூண்டினால் எலிகளின் உடலெங்கும் மூளும் அழற்சி தணிகின்றது என்று காட்டினர். 2003ஆம் ஆண்டில் அவ்வடக்கத்துக்கு இன்றியமையாத பூட்டு, நிக்கொற்றின் வாங்கிகளில் அல்பா-7 என்னும் வகை என்பதனையும் நிறுவினர். அடுத்த ஆண்டிலேயே, மூளையின் மைக்குரோகிளியாக்களும் அதே அல்பா-7 வாங்கியை உடையன என்றும், அதனைத் தூண்டினால் அவை கக்கும் அழற்சிப் பொருள் குறைகின்றது என்றும் வேறு ஆய்வாளர் தெரிவித்தனர்.

ஈண்டு ஒன்றை உன்னிக் கவனித்தல் வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டது உடல் தானே உடைய ஓர் ஒழுங்கு. அதன் உரிமையாளன் அசற்றைல்கோலின். நிக்கொற்றின் அவ்வீட்டிலே கள்ளத் திறப்புடன் நுழைந்த அந்நியன். இக்கண்டுபிடிப்பின் புகழ் புகையிலைக்கு உரியதன்று.

எலிகள் கூறும் இருவேறு சாட்சியம்

மனித மூளையிலே குருதியை வேண்டுமென்றே குறைத்துப் பார்ப்பது எந்த அறத்துக்கும் ஒவ்வாது. ஆகவே எலிகளே இச்சுமையைத் தாங்குகின்றன. கழுத்தின் இரு புறமும் மூளைக்கு ஏறும் பெருநாடிகள் இரண்டையும் கட்டிவிட்டால் எலி உடனே இறப்பதில்லை. முதுகெலும்பை ஒட்டி வரும் வேறிரு நாடிகள், மூளையின் அடியிலேயுள்ள நாடி வளையத்தின் வழியாக ஓரளவு குருதியை அனுப்புகின்றன. அவ்வளையத்தை 1664ஆம் ஆண்டில் விளக்கமாக வரைந்து காட்டிய தோமஸ் வில்லிசின் பெயரால் அது வழங்குகின்றது. சுண்டெலிகளுக்கு ஏற்ற முறையொன்றை ஜப்பானின் கியோத்தோ அறிஞர் 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். 0.18 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள நுண்சுருள் கம்பியை நாடிகளிலே சுற்றி அவற்றை ஒடுக்குவது அம்முறை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் வெண்பொருள் சிதைகின்றது, மைக்குரோகிளியாக்கள் கிளர்கின்றன, எட்டுக் கைகளுள்ள புதிர்ப்பாதையிலே தான் சென்றுவந்த கை எது என்பதனை எலி மறந்துவிடுகின்றது.

இத்தகைய எலிகளுக்கும், குருதி சிறிது நேரம் தடைப்பட்ட எலிகளுக்கும் அல்பா-7 வாங்கியைத் தூண்டும் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது, பல ஆய்வுகளிலே நம்பிக்கை தரும் விளைவுகள் கிடைத்தன. காவற்கலங்கள் அடங்கின. நரம்புக் கலங்கள் கூடுதலாகப் பிழைத்தன. கலங்கிய நீர்த்தொட்டியிலே மறைந்திருக்கும் மேடையை எலி விரைவாகக் கண்டு ஏறியது. நிக்கொற்றினே இந்நன்மையைச் செய்த ஆய்வுகளும் உண்டு.

எதிர்ச் சாட்சியமும் அதே ஆய்வுகூடங்களிலிருந்தே வருகின்றது. 1997ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து வெளியான ஆய்வொன்றிலே, நிக்கொற்றின் தொடர்ந்து செலுத்தப்பட்ட எலிகளின் மூளை நாடியை அடைத்தபோது சேதம் கூடுதலாயிற்று. குருதிக்கட்டியைக் கரைப்பதற்கு மூளையின் நுண்குழாய்கள் வைத்திருக்கும் பொருளும் அவ்வெலிகளிலே குறைந்திருந்தது. வேறு ஆய்வுகளிலே நிக்கொற்றின் குருதி–மூளைத் தடுப்பரணைத் தளர்த்தியது. அழற்சியையே வளர்த்ததும் காணப்பட்டது.

இரு சாட்சிகளில் ஒருவர் பொய்யர் என்று முடிவுகட்ட வேண்டுவதில்லை. இருவரும் நின்று பார்த்த இடம் வேறு. சில நாட்கள் கொடுத்த சிறிய அளவு ஒன்று. வாரக்கணக்கில் ஊறிய அளவு மற்றொன்று. கேட்டின் பின் கொடுத்தது ஒன்று. கேட்டுக்கு முன்னரே உடலைப் பழக்கிவைத்தது மற்றொன்று. அன்றியும், நிக்கொற்றின் மைக்குரோகிளியாவின் பூட்டை மாத்திரம் தேடிச் செல்வதில்லை. உடலெங்குமுள்ள பூட்டுகளைத் திறக்கின்றது. அதிரினலீன் பொங்குகின்றது, இதயம் விரைகின்றது, நாடிகள் ஒடுங்குகின்றன. தீயணைக்க வந்தவன் ஒரு கையால் நீர் தெளித்துக்கொண்டே மறு கையால் வாய்க்காலை அடைப்பானாயின், வீடு தப்புமா என்பது தீயின் அளவையும் வாய்க்காலில் எஞ்சிய நீரையும் பொறுத்ததேயாகும். குருதி முன்னரே குன்றிய மூளைக்கு வாய்க்கால் அடைபடுவதைத் தாங்கும் வலு மிகச் சிறிது.

மனிதரிடத்துக் கண்டவை

எலியிலிருந்து மனிதனுக்கு வருவோம். 2012ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் நியூஹவுசும் பிறரும் வெளியிட்ட பரிசோதனையில், இலேசான நினைவுத் தளர்ச்சியுடைய, புகைக்காத முதியோர் 74 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் நிக்கொற்றின் பட்டி 6 மாதம் ஒட்டப்பட்டது. கவனமும் நினைவும் சில சோதனைகளிலே சிறிது உயர்ந்தன. எனினும், நோயாளரை முழுமையாக நோக்கிய மருத்துவரின் மதிப்பீட்டிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. "நிக்கொற்றின் நினைவைக் காக்கும்" என்று கூறுவோர் இப்பரிசோதனையின் முதற்பாதியை மேற்கோள் காட்டுவர், மறுபாதியை விட்டுவிடுவர். பரிசோதிக்கப்பட்டோர் புகைக்காதவர் என்பதனையும், பட்டியிலே புகை இல்லை என்பதனையும், அவர்களது குறை குருதிக் குறைவால் வந்ததென்று தெரிந்தெடுக்கப்பட்டதன்று என்பதனையும் கூறுவார் அரியர்.

புகைப்போரிடையே பாக்கின்சன் நோய் குறைவு என்பது பல ஆண்டுகளாக அறிந்த செய்தி. அதனை நம்பி, நோய் தொடங்கியோருக்கு ஓராண்டு நிக்கொற்றின் பட்டி கொடுத்த பரிசோதனையின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயின் ஓட்டம் குறையவில்லை. கூட்டத்திலே கண்ட தொடர்பு, மருந்தாகக் கொடுத்தபோது மெய்ப்படவில்லை.

இறந்தோர் சாட்சி கூற வருவதில்லை

புகைப்பவருக்கு மறதிநோய் குறைவு என்ற பேச்சு எவ்வாறு எழுந்தது? 1990களின் தொடக்கம் வரை வந்த ஆய்வுகள் பல, மறதி நோயாளரையும் நலமுள்ள முதியோரையும் ஒப்பிட்டு, நோயாளரிடையே புகைத்தோர் தொகை குறைவெனக் கண்டன. அம்முறையிலே ஒரு பெருங்குழி இருந்தது. புகைத்தோருள் பலர் மறதி வரும் வயதை அடையுமுன்னரே இதயநோயாலும் புற்றுநோயாலும் மாண்டுபோயினர். எஞ்சியோரை மாத்திரம் எண்ணி எழுதிய கணக்கு அது. போரிலிருந்து திரும்பியவர்களை எண்ணி, போரிலே எவரும் இறப்பதில்லை என்று கூறுவதற்கு ஒப்பானது.

நலமுள்ளோரைத் தொடக்கத்திலேயே தெரிந்து ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்தபோது கணக்கு மாறிற்று. ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகரிலே 55 வயதும் அதற்கு மேலுமான 6,870 பேரைத் தொடர்ந்த ஆய்வு 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. புகைப்போருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு, என்றுமே புகைக்காதவருக்கு உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு 21,123 பேரை இரு தசாப்தங்கள் தொடர்ந்தது. நடுவயதில் நாளொன்றுக்கு இரண்டு பெட்டிக்கு மேல் சிகரட் புகைத்தோருக்கு, குருதிக்குழாய்க் கேட்டால் வரும் மறதிநோயின் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேலாயிருந்தது.

2010ஆம் ஆண்டில் கற்றால்டோ முதலியோர் இத்துறையின் 43 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். ஏறத்தாழ நான்கிலொரு பங்கின் ஆசிரியர்கள் புகையிலைத் தொழிலுடன் தொடர்புடையோராய் இருந்தனர். அத்தொடர்பையும் ஆய்வுமுறையையும் கணக்கிற் கொண்டபோது, புகைத்தல் மறதிநோயைக் கூட்டுகின்றது என்பதே தெளிவாயிற்று. உலகில் அல்சைமர் நோயாளருள் நூற்றுக்கு 14 பேரளவுக்குப் புகையிலை காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டில் மதிப்பிட்டது.

சுருட்டும் சிகரட்டும்

நிக்கொற்றின் தனியே வருவதன்று. சிகரட்டுப் புகையிலே 7,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உண்டு. அவற்றுள் காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் குருதியின் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்கின்றது. நாடிகளின் உட்சுவர் கரடாகின்றது; குருதி உறையும் தன்மை கூடுகின்றது. ஏற்கெனவே குறைந்த வரத்திலே வரும் குருதியும் ஒட்சிசன் குறைந்த குருதியாகின்றது. நிக்கொற்றினுக்குத் தணிக்கும் குணம் இருந்தாலும், இத்துணைச் சேதத்தை அது ஈடுசெய்வதெங்ஙனம்?

இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. பல குடும்பங்களின் கல்வியும் கல்வீடும் அத்தோட்டங்களிலே விளைந்தவை. சுருட்டும் வெற்றிலையோடு சேரும் புகையிலையும் முதியோரின் ஓய்வுத் துணையாய் நம் இல்லங்களிலே இடம்பெற்றன. கமக்காரரின் உழைப்பை இகழ்வது நம் கருத்தன்று. ஆயின், வெற்றிலையோடு மென்றாலும், சுருட்டாகப் புகைத்தாலும், மின்கருவியில் ஆவியாக இழுத்தாலும், நிக்கொற்றின் நிக்கொற்றினே. அது நாடியை ஒடுக்கும், பழக்கத்தை இறுக்கும். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் சட்டம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடைசெய்தது. மூளை வளர்ந்து முதிரும் பருவத்திலே இக்கள்ளத் திறப்பு கையிலே விழாதிருத்தல் நன்று என்பதற்கு உடற்றொழிலியலும் துணைநிற்கும்.

கையிலுள்ள மருந்து

அல்பா-7 வாங்கியை மாத்திரம் தேடிச் சென்று திறக்கும் மருந்துக்கான முயற்சி எளிதாய் இருக்கவில்லை. எலிகளிலே நம்பிக்கை தந்து மனிதரிலே தோற்ற மருந்தும் உண்டு. வேகசு நரம்பைத் தூண்டும் கருவிகள் ஆராயப்படுகின்றன. உடல் செய்யும் அசற்றைல்கோலினை விரைவில் சிதையவிடாது காக்கும் மருந்துகள் மறதி நோயாளர் சிலருக்குச் சிறிது துணைசெய்கின்றன. நல்ல திறப்பு தன் பூட்டிலே நெடுநேரம் பயன்பட வழிசெய்வது அவற்றின் நோக்கம்.

வாய்க்காலைத் திருத்தும் வழியோ ஏற்கெனவே நம் கையில் உண்டு. குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் அடக்கி வைத்தல், நாள்தோறும் நடத்தல், புகைத்தலைக் கைவிடல் ஆகியவையே அவ்வழி. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1988ஆம் ஆண்டில் கூறியபடி, புகைத்தலை விட்டவருக்குப் பாரிசவாத வாய்ப்பு இரண்டு ஆண்டிலேயே குறிப்பிடத்தக்க அளவு குறைந்து, ஐந்து ஆண்டிலே புகைக்காதவரின் அளவுக்கு இறங்கியது. பிரித்தானிய மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்த ரிச்சர்ட் டோலின் ஆய்வு 2004ஆம் ஆண்டில் காட்டியபடி, 60 வயதில் விட்டவரும் மூன்று ஆண்டு ஆயுளை ஈட்டுகின்றார். 30 வயதில் விட்டவர் பத்து ஆண்டை ஈட்டுகின்றார். "இனி விட்டென்ன பயன்?" என்று கேட்கும் முதியவருக்கு இவ்வெண்களே விடை.

நிக்கொற்றின் பட்டிக்கும் இங்கே நியாயமான ஓரிடம் உண்டு. புகையை விட முயல்பவர் மருத்துவர் சொற்படி சில வாரங்கள் அதனைப் பயன்படுத்துவது நலம். புகையின் பெருந்தீமையிலிருந்து இறங்குவதற்கு ஒரு படி அது. நினைவு பெருகுமென்று, புகைக்காத ஒருவர் தாமே அதனை ஒட்டிக்கொள்வதற்கு இன்றுள்ள சான்று இடம்தரவில்லை.

இத்தகைய செய்தியை மாணவர் ஒருவர் வகுப்பறைக்குக் கொண்டுவரும்போது, ஆசிரியர் அதனை நகைத்து ஒதுக்காது நான்கு வினாக்களை எழுப்பப் பழக்குதல் வேண்டும். பரிசோதனை எலியிலா, மனிதரிலா? கொடுத்தது தனிப்பொருளா, புகையா? எவ்வளவு காலம் கொடுத்தனர்? கணக்கிலே வராது போனவர் எவர்? இந்நான்கையும் கேட்கக் கற்ற மாணவன் நிக்கொற்றினைப் பற்றிய செய்தியை மட்டுமன்றி, நாளை வரவிருக்கும் வேறு நூறு செய்திகளையும் நிறுத்துப் பார்க்கும் ஆற்றல் பெறுவான். வீட்டுத் திண்ணையிலே சுருட்டுடன் அமர்ந்திருக்கும் பாட்டனாருக்கு, அது மூளைக்கு நல்லதென்று கேள்விப்பட்டதைச் சொல்லுமுன், அவருடைய குருதியமுக்கத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று அவன் விசாரிப்பானாயின், அக்கல்வி பயன்பட்டது என்போம்.